கைநோவும் கைக்காப்பும்

கைத்தறி என்னும் சொல்லில் கையே முதலில் நிற்கின்றது. தறி பின்னரே வருகின்றது. அச்சு பழுதுபட்டால் வேறு அச்சு மாற்றிக்கொள்ளலாம். நாடா தேய்ந்தால் புதியது வாங்கலாம். விழுது அறுந்தால் கட்டிக்கொள்ளலாம். கைக்கு மாற்று இல்லை. உழவுத் தொழிலிலும் இதுவே நிலை. அரிவாள் மழுங்கினால் சாணை பிடிக்கலாம். அதைப் பிடிக்கும் கை தளர்ந்தால் எந்தப் பட்டறையிலும் அதைச் செப்பனிட இயலாது. இவ்வாறிருந்தும், தறிக்கும் கருவிக்கும் செய்யும் பராமரிப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் கைக்குச் செய்வதில்லை. நோவு தோன்றிய பின்னரும், 'உழைத்தால் வலிக்கத்தானே செய்யும்' என்று கூறி நாள் கடத்துகின்றோம். அவ்வாறு கடத்தும் நாள்களில்தான், எளிதில் தீரக்கூடிய நோவு தீராத ஊனமாக மாறுகின்றது.

ஆகவே, ஒரே வேலையை ஓயாது செய்வதால் கைகளுக்கு வரும் நோவு எத்தகையது, அதை வீட்டிலேயே எவ்வளவு தூரம் தணித்துக்கொள்ளலாம், எந்தக் கட்டத்தில் வீட்டு மருத்துவத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும் என்பவற்றை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நோவு ஏன் வருகின்றது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அங்குலத்துக்கு 60 ஊடையிழை வீதம், ஐந்தரை மீட்டர் நீளத்தில் ஒரு சேலை நெய்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டர் என்பது ஏறத்தாழ 216 அங்குலம். எனவே அச்சேலையில் ஏறக்குறைய 13,000 ஊடையிழைகள் உள்ளன. ஒவ்வோர் இழைக்கும் ஒரு கை கயிற்றை ஒருமுறை இழுக்கின்றது. மற்றொரு கை அச்சுப் பலகையை ஒருமுறையேனும் அடிக்கின்றது. ஒரு சேலை தறியிலிருந்து இறங்குவதற்குள் ஒவ்வொரு கையும் ஒரே அசைவைப் பதின்மூவாயிரம் முறை செய்து முடித்துவிடுகின்றது.

கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவை இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார். அதற்கு முன்னர் நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் வாங்கினார். இரண்டு கைகளும் மாறி மாறி ஒரே வேலையைச் செய்தன. புதிய நாடாவினால் வேகம் மிகுந்தது. அகலமான துணியையும் ஒருவரே நெய்ய முடிந்தது. ஆனால் அதே இழுப்பு அதே கைக்கே ஓயாது வரலாயிற்று.

தோட்டத்திலும் வயலிலும் இதே கதைதான். மல்லிகை மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும். ஒரு கிலோ மொட்டில் பல்லாயிரம் மொட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் பெருவிரலும் சுட்டுவிரலும் கிள்ளியே எடுக்கின்றன. பால் கறப்பவரின் கை ஒரு வேளையில் நூற்றுக்கணக்கான முறை மூடித் திறக்கின்றது. கதிர் அறுப்பவரின் ஒரு கை அரிவாளை இறுகப் பிடித்திருக்க, மறு கை தாளைப் பற்றி முறுக்குகின்றது.

விரல்களை மடக்கும் தசைகளில் பெரும்பாலானவை விரல்களில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ளன. அவற்றிலிருந்து தசைநாண்கள் கயிறுபோல் நீண்டு மணிக்கட்டு வழியாக விரல்களைச் சென்றடைகின்றன. இந்நாண்கள் வழுவழுப்பான உறைகளுக்குள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. வளையத்தின் வழியே ஓடும் தறிக்கயிறு நேராக ஓடும்வரை தேய்வதில்லை. கோணலாக இழுபடும்போது தேய்கின்றது. கையும் அவ்வாறே. அசைவு ஒன்றே பலமுறை நிகழ்தல், அதிகப் பலம் கொடுத்தல், மணிக்கட்டை வளைத்து வைத்துக்கொண்டே வேலை செய்தல், இடையே ஓய்வின்மை ஆகிய நான்கும் நோவுக்கு முக்கிய காரணங்கள். இவற்றுள் இரண்டு மூன்று ஒன்றுசேரும்போது அபாயம் மிகுகின்றது.

இந்நோய் புதியதன்று. இத்தாலிய மருத்துவரான பெர்னார்டினோ ராமாசினி, தொழிலாளர்க்கு அவரவர் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அதை விரிவாக்கி 1713-இல் வெளியிட்ட பதிப்பில் எழுத்தர்களின் கைநோவை விவரித்துள்ளார். வலக்கை மரத்துப் போன எழுத்தர் ஒருவர் இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார் என்றும், சிறிது காலத்தில் இடக்கைக்கும் அந்நோயே வந்தது என்றும் அவர் குறித்திருக்கின்றார். வேலை செய்யும் முறையை மாற்றாமல் கையை மட்டும் மாற்றினால் நோவும் உடன் மாறி வரும் என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பாடம். சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2010-ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலிலும், ஓயாத அசைவினால் கை, மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றில் வரும் நோய்கள் இடம்பெற்றுள்ளன. ஆகவே, கைநோவு என்று கூறுபவரைச் சோம்பேறி என்று எவரும் இகழ வேண்டியதில்லை.

எந்த நோவு எங்கே?

கைநோவு எல்லாம் ஒன்றன்று. இடத்தைக் கொண்டும் தன்மையைக் கொண்டும் பிரித்தறிதல் அவசியம். ஏனெனில் பரிகாரம் வேறுபடும்.

முதலாவது, பெருவிரற் பக்கத்து மணிக்கட்டு நோவு. ஸ்விட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் டி கெர்வெய்ன் 1895-இல் இதை விவரித்தார். அவர் பெயராலேயே மருத்துவர்கள் இதை அழைக்கின்றனர். பெருவிரலை விரிக்கும் இரண்டு நாண்கள் செல்லும் உறை தடித்துப்போவதால் இது உண்டாகின்றது. பெருவிரலை உள்ளங்கையில் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரற் பக்கமாக மெல்லச் சாய்க்கும்போது சுரீரென்று வலித்தால் இந்நோவு இருக்கலாம். பூப் பறிப்போர், ஈரத்துணி பிழிவோர், கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார் ஆகியோரிடம் இதைக் காணலாம்.

இரண்டாவது, விரல் சிக்கிக்கொள்ளுதல். மடக்கிய விரலை நீட்டும்போது நடுவில் நின்று, பின் 'டக்'கென்று விடுபடும். காலையில் இது மிகுதியாக இருக்கும். விரலின் அடியில் உள்ளங்கைப் பக்கமாகத் தொட்டால் நோகும். சிறு முடிச்சும் தட்டுப்படலாம். கருவியின் பிடி அழுத்தும் இடமும் பெரும்பாலும் அதுவே. நீரிழிவு உள்ளவர்க்கு இது எளிதில் வரும்.

மூன்றாவது, முழங்கையின் வெளிப்புற நோவு. நிரம்பிய செம்பைத் தூக்கும்போதும் துணியைப் பிழியும்போதும் முழங்கையின் வெளிப்புற எலும்பருகே வலி தோன்றும். நோவது முழங்கையாயினும், மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகள் அங்கே தொடங்குவதால் கைவேலையே இதற்குப் பெரிதும் காரணமாகும்.

நான்காவது, நரம்பு நெருக்கம். இதையே அங்கத்தினர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் எலும்புகளால் ஆன தளமும், அதன்மேல் உறுதியான ஒரு பட்டையும் சேர்ந்து ஒரு குறுகிய வழியை அமைக்கின்றன. அதன் வழியே விரல்களை மடக்கும் 9 நாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. உள்ளே வீக்கம் ஏற்பட்டால் நாண்கள் தாங்கிக்கொள்ளும், நரம்பு தாங்காது. அப்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். அல்லது ஊசி குத்துவதுபோல் இருக்கும். சுண்டுவிரல் நன்றாகவே இருக்கும். இரவில் தூக்கத்தினின்று எழுப்பும். கையை உதறினால் சற்றுத் தணியும். இந்த 'உதறல்' இந்நோயின் முக்கியமான அடையாளம். நீரிழிவு, தைராய்டுக் குறைவு, கர்ப்ப காலம் ஆகியவற்றில் இது எளிதில் வரும். கர்ப்ப காலத்தில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடும்.

முதலில் வேலையைத் திருத்துக

எண்ணெய் தடவுமுன் தறியைப் பார்க்க வேண்டும். காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு நோவுக்கு மருந்திடுவது, கூரை ஒழுகும் இடத்தில் நாள்தோறும் தரையைத் துடைப்பது போன்றதாகும்.

உட்காரும் பலகையின் உயரம் சரியானதா என்று பார்க்க. தோள்களைத் தளர்த்தி அமர்ந்தால் முழங்கை ஏறத்தாழ நெய்யும் துணியின் மட்டத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக அமர்ந்தால் தோளைத் தூக்கிக்கொண்டும் மணிக்கட்டை மடக்கிக்கொண்டும் நெய்ய நேரிடும். மடித்த சாக்கையோ கனமான துணியையோ இட்டு உயர்த்திக்கொள்ளலாம்.

இழுக்கும் கயிற்றின் பிடியைக் கவனிக்க. மெல்லிய பிடியை இறுகப் பற்றினால்தான் கையில் நிற்கும். பழந்துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் தளர்வாகப் பிடித்தே இழுக்கலாம். முழங்கை உடம்பை ஒட்டியிருக்க, மணிக்கட்டு நேராக இருக்கும்படி கயிற்றின் நீளத்தை அமைத்துக்கொள்க. மணிக்கட்டைச் சுண்டி இழுக்காமல் முன்கை முழுவதாலும் இழுத்துப் பழகுதல் நன்று.

நாடா ஓடும் தடமும் நாடாப் பெட்டியும் வழுவழுப்பாக இருந்தால் குறைந்த பலமே போதும். தார் சீராகச் சுற்றப்படாவிடில் நூல் சிக்கும்; சிக்கும்போதெல்லாம் கை வலிந்து இழுக்கும். எனவே ஒழுங்காகச் சுற்றிய தாரும் கைக்குச் செய்யும் வைத்தியமே. தறியின் அமைப்பு இடம் கொடுக்குமாயின், இழுக்கும் கையையும் அடிக்கும் கையையும் இடையிடையே மாற்றிக்கொள்ளலாம்.

உழவர்கள் அரிவாளையும் கத்தரிக்கோலையும் கூர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். மழுங்கிய கருவி கையைத்தான் அறுக்கின்றது என்று கூறினும் பொருந்தும். பூப் பறிப்போர் இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துக. கூடையைக் கையில் தொங்கவிடாமல் இடுப்பிலோ தோளிலோ கட்டிக்கொள்க. பால் கறக்கையில் பெருவிரலை மடக்கி அதன் முட்டியால் காம்பை அழுத்துவது சிலரது வழக்கம். இது விரலுக்கும் கேடு, காம்புக்கும் கேடு. முழுக் கையாலும் பற்றிக் கறப்பதே இரண்டுக்கும் நல்லது.

ஒன்றை மறந்துவிடலாகாது. பகல் முழுதும் உழைத்த பெருவிரலுக்கு மாலையில் கைபேசியை ஓயாது தள்ளும் வேலையையும் கொடுத்தால் அதற்கு ஓய்வு ஏது?

ஓய்வின் கணக்கு

ஒரே தடவையில் எடுக்கும் நீண்ட ஓய்வைவிட, அடிக்கடி எடுக்கும் சிறு ஓய்வே கைக்கு மிகுதியும் பயன் தருவது. அரை மணிக்கு ஒருமுறை 2 நிமிடம் கையைத் தொங்கவிட்டு, விரல்களை விரித்து மூடி, தோளைச் சுழற்றிவிட்டு மீண்டும் அமரலாம்.

'துணிக்குத்தானே கூலி, ஓய்வுக்கு யார் கூலி தருவார்?' என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆகையால் அதையும் கணக்கிட்டே பார்ப்போம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் நெய்பவர்க்கு இந்த ஓய்வால் 32 நிமிடம் கழிகின்றது. அஃது ஒரு நாள் வேலையில் பதினைந்தில் ஒரு பங்கு. கை முற்றும் நொந்து 6 வாரம் தறியில் அமர முடியாமற் போனால், வாரத்துக்கு 6 நாளாக 36 நாள் வேலை போயிற்று. இந்த 36 நாளைச் சிறு ஓய்வாகப் பிரித்தால் 540 வேலை நாள்களுக்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆண்டுக்குப் போதும். மேலும், ஓய்ந்த கை பிழையின்றி நெய்யும். சோர்ந்த கை இழை தவறும். ஓய்வு எடுத்தால் நோவே வாராது என்று உறுதி கூற இயலாதாயினும், சிறுகச் சேர்க்கும் சேமிப்பு ஆபத்தில் உதவும் என்பதைக் கூட்டுறவாளர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வீட்டு மருத்துவம்: பயனும் எல்லையும்

நோவு புதிதாகத் தோன்றி, வீங்கிச் சூடாக இருந்தால், முதல் இரண்டு நாளுக்குக் குளிர்ந்த ஒத்தடமே ஏற்றது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். நேராகத் தோலின்மேல் வைக்கலாகாது. வீக்கமின்றி விறைப்பும் பழைய நோவும் மட்டும் இருப்பின் வெப்பம் இதமளிக்கும். பொறுக்கத்தக்க சூடுள்ள வெந்நீரில் கையை 15 நிமிடம் அமிழ்த்தி, அதற்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டலாம். நம் வீடுகளில் நொச்சியிலை போட்டுக் காய்ச்சிய நீரைப் பயன்படுத்துவதும், கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதும் உண்டு. அவ்வெப்பம் தசையைத் தளர்த்தி இதம் தருகின்றது, கொடுப்பதில் தவறில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மரத்துப்போன கைக்கும், நீரிழிவால் உணர்வு குறைந்த கைக்கும் சூடு தெரியாது. உப்பு முடிச்சு தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கிய பின்னரே கண் அறியும். ஆகவே அத்தகையோர் வறுத்த உப்பையும் கொதிநீரையும் தவிர்க்க வேண்டும். நீரின் சூட்டை உணர்வுள்ள வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ வெதுவெதுப்பாகத் தடவி முன்கையை மெல்ல நீவிவிடலாம். பலமாக உருவுதலும் சுளுக்கெடுப்பதுபோல் இழுத்தலும் கூடா. வீங்கிய நாணை அழுத்தி உருவினால் வீக்கம் மிகுமேயன்றிக் குறையாது. மஞ்சள் பற்று இதமளிக்கலாம். புண்ணுள்ள தோலில் இடுதல் தகாது. மேலும், எண்ணெயும் பற்றும் தோலுக்கும் தசைக்கும் இதம் தருவனவேயன்றி, மணிக்கட்டினுள் நெருக்கப்பட்ட நரம்பை விடுவிக்க வல்லவை அல்ல. இவ்வேறுபாட்டை அறியாததனாலேயே பலர் மாதக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டே கையின் பலத்தை இழக்கின்றனர்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய உதவிகளில் சிறந்தது, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருத்தல். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கியோ தலைக்கடியில் சிக்கியோ இருந்தால் நரம்பு நெருக்கம் மிகும். மருந்துக் கடைகளில் மணிக்கட்டுப் பட்டை கிடைக்கின்றது. அதை இரவில் அணிந்து, ஏறத்தாழ 6 வாரம் தொடர்ந்து பார்க்க வேண்டும். வாங்க வசதியில்லாதவர்கள், உள்ளங்கையிலிருந்து முன்கை நடுவரை எட்டும் தடித்த அட்டையைத் துணியால் பொதிந்து, தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். விரல்கள் தடையின்றி அசைய வேண்டும். கட்டிய பின் விரல் நீலம் பாய்ந்தாலோ மரமரப்பு மிகுந்தாலோ உடனே அவிழ்க்க. பெருவிரற் பக்கத்து நோவுக்குப் பெருவிரலையும் சேர்த்துத் தாங்கும் பட்டையும், சிக்கும் விரலுக்கு அவ்விரலை நீட்டி வைக்கும் சிறு பட்டையும் உதவும்.

சில எளிய பயிற்சிகள்

கடுமையான வலி தணிந்த பின், நாள்தோறும் மூன்று வேளை இவற்றைச் செய்யலாம்.

முதலில் விரல்கள் ஐந்தையும் நேராக நீட்டுக. பின், விரலடிக் கணுக்களை மடக்காமல் மற்ற இரண்டு கணுக்களை மட்டும் மடக்கிக் கொக்கிபோல் வைக்க. மீண்டும் நீட்டி, அடுத்து முழு முட்டியாக மூடுக. இறுகப் பிடிக்க வேண்டாம். மறுபடியும் நீட்டுக. இவ்வரிசையை 5 முதல் 10 முறை செய்யலாம். நாண்கள் தத்தம் உறைகளில் தடையின்றி ஓடுவதற்கு இது துணை செய்யும்.

அடுத்து, ஒரு கையை முன்னே நேராக நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, மறு கையால் அதன் விரல்களைப் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி வளைத்து 15 விநாடி நிறுத்துக. பின் மேல்நோக்கி வளைத்து அவ்வாறே நிறுத்துக. முன்கைத் தசை இழுபடுவதை உணரலாம். வலி வரும்வரை இழுத்தல் கூடாது. எந்தப் பயிற்சியாயினும் மரமரப்பை மிகுதிப்படுத்தினால் அதை விட்டுவிட வேண்டும்.

செய்யத் தகாதவை

நோவுள்ள இடத்தில் கயிற்றையோ துணியையோ இறுகக் கட்டுதல் தகாது. உள்ளே நெருக்கப்பட்ட நரம்பை அது வெளியிலிருந்தும் நெருக்கும். சூடு போடுதல் அறவே கூடாது; நோவு நீங்காது, புண் மட்டுமே மிஞ்சும். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்கி வேலை செய்தல் பெருந்தவறு. வலி மறைவதால் கை மேலும் வருத்தப்படுகின்றது. அன்றியும் இம்மாத்திரைகள் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கக்கூடும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இவ்வபாயம் மிகுதி. மேலே தடவும் களிம்புகளுக்கு இத்தீங்கு குறைவு. எனினும் எவ்வகை மருந்தையும் மருத்துவரைக் கேட்டே கொள்வது முறை.

மருத்துவரை எப்போது நாட வேண்டும்?

வேலையைத் திருத்தி ஓய்வும் கொடுத்து 2 வாரத்தில் சிறிதும் குறையாத நோவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கேனும் செல்ல வேண்டும். இரவுதோறும் கை மரத்து எழுப்பினால் அவ்வளவு நாளும் காத்திருக்க வேண்டியதில்லை. கையிலிருந்து பொருள் நழுவுதல், நூல் முடிய விரல் ஒத்துழையாமை, மரமரப்பு பகலிலும் நீங்காமை, பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு மெலிதல் ஆகிய அடையாளங்கள் தோன்றினால் ஒரு வாரமும் தாழ்த்தலாகாது. இரு கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சதைமேட்டின் வேறுபாடு தெரியும். அம்மேடு முற்றும் மெலிந்துவிட்டால், பின்னர் அறுவை செய்தாலும் முழுப் பலம் மீள்வது அரிது. நோய் முற்றுமுன் செய்தால், நரம்பை நெருக்கும் பட்டையை அறுத்துவிடும் அச்சிகிச்சை நல்ல பலன் தருகின்றது. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து நடத்தப்படும் சிறு அறுவையே அது. கத்திக்கு அஞ்சிக் கையை இழப்பது அறிவுடைமையாகாது.

மரமரப்பு எல்லாம் தறியால் வந்தது என்று கொள்ளவும் கூடாது. தோலில் நிறம் வெளிறிய உணர்வற்ற தேமல் இருந்தாலோ, சுண்டுவிரற் பக்கம் மரத்து வலுக்குறைந்தாலோ தொழுநோய்க்கான பரிசோதனையும் வேண்டும். அதற்கு அரசு மருத்துவ நிலையங்களில் இலவச மருந்து உண்டு; தொடக்கத்தில் உண்டால் முற்றும் குணமாகும். காய்ச்சலுடன் கை சிவந்து வீங்கினால் அது கிருமியால் வந்ததாகலாம், அன்றே செல்க. திடீரென ஒரு கை செயலிழந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். மார்பு இறுக்கத்தோடும் வியர்வையோடும் கை வலித்தால் அது இதயக் கோளாறாக இருக்கலாம். இவ்விரண்டிலும் ஒத்தடத்துக்கு நேரமில்லை; 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

கைநோவுக்காகச் செல்லும்போது சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்வது நன்று. தம் தொழில் இன்னதென்றும், எந்தக் கை எந்த வேலையைச் செய்கின்றதென்றும் மருத்துவரிடம் விளக்கிக் கூற வேண்டும். தறியைப் பார்த்திராத மருத்துவர்க்கு அது பெரிதும் உதவும்.

சங்கம் செய்யத்தக்கவை

தனி நெசவாளர் ஒருவரால் கையை முழுதும் காத்துக்கொள்ள இயலாது. நூலும் தவணையும் கூலியும் அவர் கையில் மட்டும் இல்லை. ஆகையால் இதிலே சங்கத்துக்கும் கடமை உண்டு என்பது நமது கருத்து.

கைநோவுற்ற அங்கத்தினர்க்குச் சில வாரங்கள் தார் சுற்றல், துணி மடித்தல், சரக்குச் சரிபார்த்தல் போன்ற வேறு வேலையை அளிக்கலாம். அவருக்குக் கொடுத்த பாவுக்குத் தவணை நீட்டிக்கலாம். அவசரச் சந்தை வேலை வரும்போது அதைச் சில தறிகளில் குவிக்காமல் பல தறிகளுக்குப் பங்கிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை இயன்முறை மருத்துவர் ஒருவரை வரவழைத்து, தறிகளின் அருகிலேயே உட்காரும் முறையையும் பிடிக்கும் முறையையும் பார்க்கச் செய்யலாம். 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்குரிய மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வர வழி செய்யப்பட்டது. இத்தகைய வசதிகளை அங்கத்தினர்களுக்கு அறிவித்து, வேண்டுவோரைச் சுகாதார நிலையத்தோடு தொடர்புபடுத்துவதும் சங்கத்தின் பணியே. பால் சங்கங்களும் பூ வளர்ப்போர் சங்கங்களும் தத்தம் தொழிலுக்கேற்ப இவ்வாறே செய்யலாம்.

வீட்டிலுள்ள பெண்களின் கைகளையும் இங்கே நினைவுகூர வேண்டும். நூல் சுற்றுவதும், பூக் கட்டுவதும், பால் கறப்பதும், அதன்மேல் சமையலும் துணி துவைத்தலும் பெரும்பாலும் அவர்கள் கையாலேயே நடைபெறுகின்றன. அவர்களது வேலைக்குக் கூலிக் கணக்கு இல்லாததனால் அவர்களது நோவுக்கும் கணக்கு இல்லாமற் போகின்றது. துணி பிழிவதையும் நீர்க்குடம் எடுப்பதையும் ஆடவர் சில வாரம் ஏற்றுக்கொண்டால், அது எந்தத் தைலத்தைக் காட்டிலும் சிறந்த மருந்தாக அமையும்.

அங்கத்தினர்கள் இன்றிரவே ஒன்று செய்யலாம். வேலை முடிந்ததும் விளக்கருகே அமர்ந்து, இரு கைகளையும் விரித்து ஒப்பிட்டுப் பார்க்க. ஒவ்வொரு விரலின் நுனியையும் தொட்டு உணர்வு உண்டா என்று அறிக. வீட்டிலுள்ளோர் கைகளையும் அவ்வாறே பார்க்க. குறை ஏதும் இல்லையாயின், நாளை முதல் அரை மணிக்கு ஒருமுறை 2 நிமிடம் கைக்குக் கொடுக்க. குறை காணப்படின் நாளையே மருத்துவரிடம் காட்டுக.